வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியருக்கு: தொற்றுத் தடுப்பும் நோயாளியின் உடல் சுத்தமும்

சேலத்துப் பெரிய மருத்துவமனைகளில் காலை ஏழு மணி வார்டு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இரவுப் பணியில் இருந்தவர் நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைத்துக்கொண்டிருப்பார். ஓமலூரிலிருந்தும் வாழப்பாடியிலிருந்தும் முதல் பேருந்தில் வந்த உறவினர்கள் தூக்குவாளியோடு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருபுறம் ட்ரெஸ்ஸிங் தள்ளுவண்டி தயாராகும், மறுபுறம் துடைப்பம் ஓடும். பயிற்சி முடித்து முதல் முறையாகப் பணிக்கு வருகிறவருக்கு எதிலிருந்து தொடங்குவது என்றே புரியாது. பாடப்புத்தகத்தில் தொற்றுத் தடுப்பு என்பது தனி அத்தியாயம். வார்டிலோ அது படுக்கை விரிப்பதிலும் ஊசி போடுவதிலும் உடம்பு துடைத்துவிடுவதிலும் கலந்தே கிடக்கிறது. ஆகையால் இந்தக் கட்டுரையை ஒரு பணிநாளின் வேலைகளை ஒட்டியே எழுதியிருக்கிறேன்.

எந்த வேலையைத் தொடும் முன்பும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்: என் கை இப்போது எங்கிருந்து வருகிறது, அடுத்து எங்கே போகப்போகிறது? 1847இல் வியன்னாப் பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்த பிரிவில் தாய்மார்கள் காய்ச்சல் கண்டு இறந்துகொண்டிருந்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் இறப்பு அதைவிட மிகக் குறைவு. பிணப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவர்கள் பிரசவ அறைக்கு வருகிறார்கள் என்பதைக் கவனித்த அவர், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகளைக் கழுவிய பிறகே உள்ளே வர வேண்டும் என்று விதித்தார். இறப்பு சட்டென்று குறைந்தது. கிருமி என்ற ஒன்று நோயை உண்டாக்குகிறது என்பது மருத்துவ உலகில் நிலைபெறுவதற்கு முன்பே, கை வந்த வழியை மட்டும் பார்த்து அவர் கண்டுபிடித்தது இது.

கைகள்

பணிக்கு வரும்போதே மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். மோதிரத்தின் அடியில் இருக்கும் ஈரத்தை எந்தச் சோப்பும் எட்டாது. நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். ஒட்டு நகம் கூடவே கூடாது. தாலிச் சங்கிலி சீருடைக்கு உள்ளே இருக்கட்டும், குனியும்போது நோயாளியின் புண்ணின்மேல் அது தொங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கைகளைச் சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்களை உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது: நோயாளியைத் தொடுவதற்கு முன்பு, ஊசி, ட்ரெஸ்ஸிங் போன்ற கிருமி நீக்கிய வேலைக்கு முன்பு, இரத்தமோ சிறுநீரோ மற்ற உடல் திரவமோ பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின்பு, நோயாளியைத் தொட்ட பின்பு, அவரைத் தொடாவிட்டாலும் அவருடைய கட்டில், லாக்கர், ட்ரிப்ஸ் ஸ்டாண்டு ஆகியவற்றைத் தொட்ட பின்பு. புதியவர்கள் அதிகம் மறப்பது கடைசித் தருணத்தைத்தான். ட்ரிப்ஸின் வேகத்தைச் சரிசெய்துவிட்டு, ‘நோயாளியைத் தொடவே இல்லையே’ என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்தக் கட்டில் கம்பியைத்தான் நோயாளியும் உறவினரும் நாள் முழுவதும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரியாதபோது ஆல்கஹால் ஹேண்ட்ரப் (தண்ணீரில்லாமல் கையில் தேய்க்கும் கிருமிநாசினி) போதுமானது. உள்ளங்கை நிறைய எடுத்து 20 முதல் 30 விநாடி வரை, தானாகக் காயும்வரை தேய்க்க வேண்டும். சீருடையில் துடைத்துக்கொள்ளக் கூடாது. கையில் இரத்தம், மலம், சளி தெரிந்தாலோ, வயிற்றுப்போக்கு நோயாளியைப் பராமரித்திருந்தாலோ சோப்பும் ஓடும் நீரும் வேண்டும், அதற்கு 40 முதல் 60 விநாடி ஆகும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில கிருமிகளின் வித்துகளை ஆல்கஹால் கொல்வதில்லை என்பதே இதற்குக் காரணம். தேய்க்கும் வரிசை பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான்: உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, மடக்கிய விரல்களின் பின்புறம், கட்டைவிரல், விரல்நுனி. இவற்றில் கட்டைவிரலும் விரல்நுனியும்தான் எப்போதும் விடுபடும். ஊசியைப் பிடிப்பவை அவையே என்பதால் அவற்றுக்குக் கூடுதலாக இரண்டு விநாடி கொடுங்கள்.

கோடையில் குழாயில் தண்ணீர் வராத நேரம் உண்டு. அப்போது வாளித் தண்ணீரில் கையை முக்கிக் கழுவினால் முதலில் கழுவியவரின் அழுக்கை எல்லோரும் பூசிக்கொள்கிறோம் என்று பொருள். மூடிய வாளியிலிருந்து ஒருவர் குவளையால் ஊற்ற, மற்றவர் கழுவ வேண்டும். அடியில் குழாய் பொருத்திய பிளாஸ்டிக் டிரம் ஒன்றை வாங்கிவைத்தால் இன்னும் நல்லது. சோப்புக்கட்டி தண்ணீரில் ஊறிக் கிடக்காதபடி ஓட்டைபோட்ட பெட்டியில் இருக்கட்டும். கைகழுவும் இடத்தில் எல்லோருக்குமாக ஒரே துண்டு தொங்கினால், முதல் நாளிலேயே அதை அகற்றச் சொல்லுங்கள். சிலர் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை.

கையுறையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நான் பணிக்குச் சேர்ந்த புதிதில் காலையில் ஒரே ஜோடி கையுறையை மாட்டிக்கொண்டு எட்டுக் கட்டில்களைச் சுற்றிவந்தேன். பாதுகாப்பாக வேலை செய்வதாகப் பெருமை வேறு. மூத்த சிஸ்டர் ஒருவர் அருகில் வந்து, “அது உன்னைத்தான் காப்பாத்துது கண்ணு, அவங்களை இல்ல” என்றார். கையுறை என்பது ஒரு நோயாளிக்கு, ஒரு வேலைக்கு மட்டுமே. கழற்றியவுடன் கைகளைச் சுத்தம் செய்ய வேண்டும், ஏனெனில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் அதில் இருக்கும், கழற்றும்போதும் அழுக்கு கையில் படும். கையுறை போட்ட கையால் கதவையும் கேஸ் ஷீட்டையும் அலைபேசியையும் தொடாதீர்கள்.

உடம்பு துடைத்துவிடுதல்

எழுந்து நடக்க முடியாத நோயாளிக்கு நாள்தோறும் உடம்பு துடைத்துவிடுவதை வெறும் சுத்தம் செய்யும் வேலையாகப் பலர் நினைத்து உறவினரிடமே விட்டுவிடுகிறார்கள். படுக்கைப்புண், தோல் வெடிப்பு, வீக்கம், ஊசி போட்ட இடத்தின் சிவப்பு ஆகிய அனைத்தும் முதலில் கண்ணில் படுவது அந்த நேரத்தில்தான். ஆகவே உறவினர் கூட இருந்து உதவினாலும் முதுகை நீங்கள் பார்த்தாக வேண்டும்.

முதலில் திரையை இழுத்துவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை நோயாளியிடம் சொல்லுங்கள். வயதானவராக இருந்தால் ஐயா, அம்மா என்று அழைத்துக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மயக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லிவிட்டே தொடுவது நல்ல பழக்கம். மேக்கிண்டாஷையும் (நீர் புகாத ரப்பர் விரிப்பு) அதன்மேல் டவலையும் அடியில் விரித்துக்கொள்ளுங்கள். வெந்நீரின் சூட்டை உங்கள் முழங்கையில் விட்டுப் பாருங்கள். ஏற்காட்டில் மார்கழிக் காலையில் கொண்டுவந்து வைத்த வெந்நீர் பாதி உடம்பு துடைப்பதற்குள் ஆறிவிடும், அங்கே இரண்டு பாத்திரம் தேவைப்படும்.

சுத்தமான பகுதியில் தொடங்கி அழுக்கான பகுதியில் முடிப்பதே முறை. கண்களைச் சோப்பு இல்லாமல், மூக்கை ஒட்டிய மூலையிலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு பகுதியால் துடையுங்கள். பிறகு முகம், கழுத்து, கைகள், மார்பு, வயிறு, கால்கள், முதுகு என்று போங்கள். மார்புக்கு அடியிலும் தொடையிடுக்கிலும் விரலிடுக்கிலும் ஈரம் நிற்கக் கூடாது. ஒற்றி உலர்த்துங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். தண்ணீரையும் துணியையும் கையுறையையும் மாற்றிய பிறகே பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் கடைசியாகச் சுத்தம் செய்ய வேண்டும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாக ஒரே திசையில் மட்டும் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மலக்கிருமி சிறுநீர்ப்பாதைக்குப் போய்விடும். ஆண்களுக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவினால் மறக்காமல் பழையபடி முன்னுக்கு இழுத்துவிடுங்கள், மறந்தால் வீங்கி இறுகிவிடும்.

நம் ஊர் வழக்கங்களோடு இணக்கமாகப் போவதும் இந்த வேலையின் பகுதிதான். நெற்றியில் திருநீறு இருந்தால் துடைத்த பிறகு உறவினரே திரும்பப் பூசிவிடட்டும். புண்ணின்மேலும் தையலின்மேலும் பூச வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். பிரசவமான பெண்ணின் மஞ்சள்கயிறு நனைந்து கழுத்தில் ஒட்டியிருந்தால் அதைக் கழற்றச் சொல்லிச் சண்டை போடத் தேவையில்லை, அடியில் உலர்ந்த துணியை வைத்து ஒற்றிவிட்டால் போதும். மலைக்கிராமங்களிலிருந்து வருகிற பாட்டிமார் சிலர் குழந்தையின் தொப்புள்கொடியில் எண்ணெயோ சாம்பலோ வைக்க விரும்புவார்கள். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கொடியை எதுவும் பூசாமல், அணையாடைக்கு வெளியே, உலர்ந்தபடி விட வேண்டும் என்பதையும், தானாகக் காய்ந்து விழும் என்பதையும், சுற்றிலும் சிவந்தாலோ நாற்றம் அடித்தாலோ உடனே சொல்ல வேண்டும் என்பதையும் பாட்டியிடமே நேராகச் சொல்லுங்கள். தாயிடம் சொன்னால் அது வீட்டுக்குப் போகும் வழியிலேயே செல்லாததாகிவிடும்.

வாயைச் சுத்தம் செய்வது பெரும்பாலும் விடுபடும் வேலை. சுயநினைவு உள்ளவருக்கு நாளைக்கு இரண்டு முறை பல் துலக்க உதவுங்கள். மயக்கத்தில் இருப்பவரின் தலையை ஒரு பக்கம் திருப்பி, உறிஞ்சு கருவியைத் தயாராக வைத்துக்கொண்டு, ஈரமான துணியால் ஈறையும் நாக்கையும் துடைக்க வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். வாயில் சேரும் கிருமிகள் மூச்சுக்குழலில் இறங்குவதே படுக்கையில் கிடப்பவர்களுக்கு நிமோனியா வர முக்கியக் காரணங்களில் ஒன்று. மருத்துவர் தடை சொல்லாதவரை தலைமாட்டை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைத்திருங்கள்.

படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிவிட்டு நேரத்தை எழுதிவையுங்கள். இடுப்பின் பின்புற எலும்பு, குதிகால், முழங்கை, பின்னந்தலை ஆகிய இடங்களில் விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் வெளுக்காத சிவப்பு படுக்கைப்புண்ணின் முதல் படி. அந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யக் கூடாது.

குழாய்களும் ட்ரெஸ்ஸிங்கும்

சிறுநீரை வெளியேற்றும் கத்தீட்டர், இரத்தநாளத்தில் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் என உடம்புக்குள் போகும் ஒவ்வொரு குழாயும் கிருமிக்கு வாசல்தான். ஆகவே காலை ரவுண்ட்ஸில் ‘இந்தக் கத்தீட்டர் இன்றும் வேண்டுமா, இந்த வென்ஃப்ளான் இன்றும் வேண்டுமா’ என்று மருத்துவரிடம் கேளுங்கள். புதியவர் கேட்கிறாரே என்று யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், எடுத்துக்கொண்டாலும் கேளுங்கள்.

கத்தீட்டரோடு இணைத்த, சிறுநீர் சேரும் பை எப்போதும் நோயாளியின் உடம்பிலுள்ள மூத்திரப்பையைவிடத் தாழ்வாக, ஆனால் தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். குழாய் மடங்கவும் இழுபடவும் கூடாது. தொடையில் பிளாஸ்டர் போட்டு நிறுத்துங்கள். இணைப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டாதீர்கள். பை மூன்றில் இரண்டு பங்கு நிறையும் முன்பே காலி செய்யுங்கள்; ஒவ்வொரு நோயாளிக்கும் தனிப் பாத்திரம் வேண்டும், பையின் வாய் பாத்திரத்தின் விளிம்பில் படக் கூடாது. எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோகும்போது பையைத் தூக்கி நோயாளியின் கால்களுக்கு நடுவே ஸ்ட்ரெச்சரில் வைப்பது எல்லா ஊரிலும் நடக்கிற தவறு, நானும் செய்திருக்கிறேன். பையில் பல மணி நேரம் தேங்கிய சிறுநீர் திரும்ப உள்ளே போக அந்த ஐந்து நிமிடம் போதும். கிளம்பும் முன்பு பையைக் காலி செய்து, ஸ்ட்ரெச்சரின் பக்கக் கம்பியில் தாழ்வாக மாட்டுங்கள்.

வென்ஃப்ளான் போட்ட நாளையும் நேரத்தையும் அதன் பிளாஸ்டரிலேயே எழுதுங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் வலி, சிவப்பு, வீக்கம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்துவிட்டு வேறு இடத்தில் போட வேண்டும். மருந்து செலுத்தும் முன்பு அதன் வாயை ஆல்கஹால் பஞ்சால் 15 விநாடி தேய்த்துக் காயவிடுங்கள். காயவிடாமல் செலுத்தினால் தேய்த்ததன் பலன் குறையும்.

ட்ரெஸ்ஸிங்கை வார்டு பெருக்கும் நேரத்திலும் படுக்கை உதறும் நேரத்திலும் தொடங்காதீர்கள், தூசி அடங்க அரை மணி நேரம் காத்திருங்கள். சுத்தமான அறுவைக் காயங்களை முதலிலும் சீழ் வைத்த புண்களைக் கடைசியிலும் பார்க்க வேண்டும். பழைய ட்ரெஸ்ஸிங்கை ஒரு கையுறையால் எடுத்துக் கழித்து, கைகளைச் சுத்தம் செய்து, கிருமி நீக்கிய புதுக் கையுறையோடு புதிய ட்ரெஸ்ஸிங்கை வைக்க வேண்டும். இந்த நடுப்படியைத்தான் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள்.

கழிவும் சிந்தியதும்

2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி கழிவுப் பைகளுக்கும் கலன்களுக்கும் நான்கு நிறங்கள். இரத்தம் தோய்ந்த பஞ்சு, துணி, உடல் பாகங்கள், பயன்படுத்திய முகக்கவசம், காலாவதியான மருந்து ஆகியவை மஞ்சளுக்கும், ட்ரிப்ஸ் குழாய், சிறுநீர் சேரும் பை, ஊசி நீக்கிய சிரிஞ்சு, கையுறை போன்ற பிளாஸ்டிக், ரப்பர் பொருட்கள் சிவப்புக்கும், ஊசி, பிளேடு போன்ற கூரானவை துளைக்க முடியாத வெள்ளைக் கலனுக்கும், கண்ணாடி ஆம்பியூல், மருந்துக் குப்பி ஆகியவை நீலத்துக்கும் போக வேண்டும். சாப்பாட்டு மிச்சமும் பழத்தோலும் இவை எதிலும் சேராத சாதாரணக் குப்பை. கூரானவற்றின் கலன் முக்கால் நிறைந்ததும் மூடிவிடுங்கள். ஊசிக்கு மூடி போட முயலாதீர்கள். கையில் குத்திக்கொள்வதில் கணிசமான பங்கு அந்த நொடியில்தான் நடக்கிறது.

குத்திவிட்டால் பிதுக்காமல், வாயில் வைக்காமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவிவிட்டு உடனே பொறுப்புச் செவிலியரிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கிப் பயனில்லை, தொடங்கினால் 28 நாள் எடுக்க வேண்டும். திட்டு விழுமோ என்று மறைத்து இரண்டு நாள் கழித்துச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் பணிக்கு வரும் முன்பே முடித்துவிடுங்கள்.

தரையில் இரத்தம் சிந்தினால் உடனே மாப் போட்டு இழுக்காதீர்கள், அழுக்கு அறை முழுவதும் பரவும். கையுறை அணிந்து, பழைய துணியாலோ காகிதத்தாலோ மூடி, அதன்மேல் ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் (குளோரின் கிருமிநாசினி) கரைசலை ஊற்றிக் குறைந்தது 10 நிமிடம் விட்டு, வெளிப்புறத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்தெடுத்து மஞ்சள் பையில் போடுங்கள். கேனில் 10 சதவீதம் என்று இருந்தால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கும், 5 சதவீதம் என்று இருந்தால் நான்கு பங்கும் தண்ணீர் சேர்க்க வேண்டும். வெயிலிலும் வெளிச்சத்திலும் இதன் வீரியம் குறைந்துவிடும் என்பதால் சேலத்துச் சித்திரை மாதத்தில் ஜன்னலோரம் வைத்த கேனை நம்பாதீர்கள். அன்றன்றைக்குக் கலந்து அன்றே தீர்த்துவிடுங்கள். கழிப்பறை ஆசிட்டோடு இதைக் கலந்தால் நச்சு வாயு வரும் என்பதைத் துப்புரவுப் பணியாளரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அழுக்குப் படுக்கை விரிப்பை உதறாமல், சீருடையில் படாமல், உள்பக்கமாகச் சுருட்டி நேராகப் பையில் போட வேண்டும். ஏற்காடு மலையில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பனிமூட்டம் நாள் முழுவதும் நிற்பதால் துணி காயாது. அரை ஈரத்தோடு மடித்து அலமாரியில் வைத்தால் பூசணம் பிடிக்கும். அங்கே பணிக்குப் போகிறவர்கள் இஸ்திரி போட்டுக் காயவைத்த பிறகே விரிக்க வேண்டும்.

காசநோய் உள்ளவரோ காரணம் தெரியாத இருமல் உள்ளவரோ இருக்கும் அறையில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். குளிர் என்று ஏற்காட்டில் உறவினர்கள் எல்லாவற்றையும் சாத்திவிடுவார்கள். நோயாளிக்கு இன்னொரு கம்பளியைக் கொடுத்து ஜன்னலைத் திறவுங்கள். நோயாளிக்குச் சாதாரண முகக்கவசம், உங்களுக்கு முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 வகை முகக்கவசம்.

வீட்டுக்கு அனுப்பும்போது

கத்தீட்டரோடு மலைக்குத் திரும்பும் நோயாளியை நினைத்துப் பாருங்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள், நெரிசலான பேருந்து. பையை மடியில் வைத்துக்கொள்வதே அவருக்கு இயல்பாக வரும். ஆகவே பேருந்தில் ஏறும் முன்பு பையைக் காலி செய்யவும், முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொள்ளவும், மேலே துண்டு போர்த்திக்கொள்ளவும் சொல்லிக் கொடுங்கள். வீட்டில் நாளைக்கு இரண்டு முறை சோப்பும் தண்ணீரும் கொண்டு குழாய் நுழையும் இடத்தைக் கழுவ வேண்டும், பவுடர் வேண்டாம். பராமரிக்கப்போகிறவர் கைகழுவுவதை உங்கள் முன்னால் ஒரு முறை செய்துகாட்டச் சொல்லுங்கள். வாயால் ‘சரிங்க சிஸ்டர்’ என்று சொல்வதை மட்டும் வைத்து விடாதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை தருகிறார்கள் என்பதால், அவருடைய ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லும்படி டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். காய்ச்சலோடு நடுக்கம், அடிவயிற்றில் வலி, சிறுநீரில் இரத்தம், நான்கு மணி நேரமாகப் பையில் சிறுநீர் இறங்காமை ஆகிய நான்கில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழைக்கச் சொல்லி, இந்த நான்கையும் அதே சீட்டின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள்.